கேடயத்தைத் தாக்கும் காவலர்கள்

அரபு மொழியில் தைராய்டு சுரப்பிக்கு ‘அல்குத்தத்துத் தரகிய்யா’ என்பது பெயர். ‘தரகா’ என்றால் தோலினால் செய்யப்பட்ட கேடயம். குரல்வளையின் முன்னுள்ள குருத்தெலும்பு கேடயம் போன்றிருப்பதைக் கண்ட கிரேக்க மருத்துவர்கள் அதற்கு அப்பெயரைச் சூட்டினர். பின்னர் அதனை ஒட்டியிருக்கும் சுரப்பிக்கும் அப்பெயரே நிலைத்தது. இக்கால அரபு மருத்துவ நூலோரும் அப்பெயரின் பொருளையே தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர்.

நோய் எதிர்ப்பாற்றலை அரபியர் ‘மனாஆ’ என்பர். ‘மனஅ’, தடுத்தான், என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் இது. பகைவர் எளிதில் நெருங்க முடியாத கோட்டையை ‘மனீஃ’ என்பதும் இவ்வேரிலிருந்தே. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நிலைக்கு ‘அல்மனாஅத்துத் தாத்திய்யா’ என்று பெயர். கோட்டையின் காவலர்கள் பகைவரை விட்டுவிட்டுத் தம் கோட்டையின் கேடயத்தையே உடைக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? இன்று நம் இல்லங்களில் பரவலாகப் பேசப்படும் தைராய்டு நோய்களில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கியுள்ளது.

என் குடும்பத்துப் பெண் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மருத்துவர் கூறியபோது, வீட்டார் அனைவரும் கேட்ட முதல் கேள்வி, “எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா?” என்பதே. நானும் தேனும் கருஞ்சீரகமும் வாங்கி வந்தேன். அவை நல்லுணவுகளே. ஆயினும் நோயை நாங்கள் புரிந்துகொண்ட முறை முற்றிலும் தலைகீழானது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அவ்வாறு அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுரப்பியும் இரு நோய்களும்

கழுத்தின் முன்புறத்தில் பட்டாம்பூச்சியின் வடிவில் அமைந்துள்ள இச்சுரப்பி 15 முதல் 25 கிராம் வரையே எடை கொண்டது. நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினை ஈர்த்து, தைராக்சின் முதலிய ஹார்மோன்களை அது ஆக்குகிறது. உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, உணவு எரியும் வேகம், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகிய யாவும் இந்த ஹார்மோனைச் சார்ந்தவை. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் மற்றொரு ஹார்மோனின் வாயிலாகக் கட்டளையிடுகிறது.

எதிர்ப்பணுக்களால் இச்சுரப்பிக்கு நேரும் நோய்கள் முதன்மையாக இரண்டு. சுரப்பி சிறிது சிறிதாக அழிந்து ஹார்மோன் குறைந்துபோவது ஹஷிமோட்டோ நோய். சோர்வு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிலக்குக் கோளாறு, மறதி, மனத்தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். சுரப்பி கட்டுக்கடங்காமல் தூண்டப்பட்டு ஹார்மோன் மிகுந்துவிடுவது கிரேவ்ஸ் நோய். படபடப்பு, மெலிவு, மிகுந்த வியர்வை, கை நடுக்கம், சிலருக்குக் கண்கள் முன்தள்ளுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஒன்றுக்கொன்று நேரெதிரான இவ்விரு நோய்களும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை என்பது வியப்புக்குரியது.

வரலாற்றின் ஏடுகளில்

முன்கழுத்துக் கழலையும் கண் பிதுங்குதலும் ஒரே நோயாளியிடம் சேர்ந்து காணப்படுவதைக் குறித்த முன்னோடிகளுள் ஒருவர் சையித் இஸ்மாயில் அல்ஜுர்ஜானீ என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாரிஸ்ம் நாட்டு அரசவையில் வாழ்ந்த இவர், ‘தகீரயே குவாரிஸ்ம்ஷாஹீ’ என்னும் மருத்துவக் களஞ்சியத்தைப் பாரசீக மொழியில் இயற்றினார். அறிவு நூல்கள் அரபியில் எழுதப்படுவதே வழக்காயிருந்த காலத்தில், மக்கள் பேசும் மொழியில் மருத்துவம் எழுதியவர் என்ற பெருமையும் அவருக்குண்டு. ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் 1835ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ராபர்ட் கிரேவ்ஸும், 1840ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாசடோவும் இந்நோயை விரித்துரைத்தனர்.

மற்ற நோயைக் கண்டறிந்தவர் ஜப்பானியரான ஹகாரு ஹஷிமோட்டோ. கியூஷு பல்கலைக்கழகத்தின் இளம் அறுவை மருத்துவராக இருந்த அவர், நான்கு பெண்களின் கழுத்திலிருந்து அகற்றப்பட்ட கழலைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சுரப்பியின் திசுக்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் லிம்போசைட்டுகள் எனப்படும் வெள்ளையணுக்கள் குவிந்துகிடந்தன. 1912ஆம் ஆண்டில் இதை ஜெர்மானிய இதழொன்றில் வெளியிட்டார். பின்னர் சொந்த ஊர் திரும்பி எளிய மருத்துவராக வாழ்ந்து, 1934ஆம் ஆண்டில் டைஃபாய்டு காய்ச்சலால் இறந்தார். அவர் கண்டது என்னவென்பது உலகிற்கு விளங்க மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

தாமதத்திற்கு ஒரு காரணம் உண்டு. எதிர்ப்பாற்றல் இயலின் தந்தையருள் ஒருவரான பால் எர்லிக், உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்வதை அஞ்சித் தவிர்க்கிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருந்தார். அவருக்குப் பின்வந்தோர் அதனை மீறவொண்ணாத விதியாகவே கொண்டுவிட்டனர். ஓர் இமாமின் நுட்பமான கருத்தைப் பின்வந்தோர் ஆராயாது பற்றிக்கொள்ளும் தக்லீது, மார்க்கக் கல்விக்கு மட்டும் உரிய குறை அன்று போலும்.

1956ஆம் ஆண்டில் இத்திரை விலகியது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே செலுத்தியபோது, அதன் உடல் தன் சுரப்பிக்கு எதிராகவே கிளர்ந்தது. ஹஷிமோட்டோ கண்ட அதே காட்சி சுரப்பியில் தோன்றியது. அதே ஆண்டில் லண்டனில் ஐவன் ரொய்ட், டெபோரா டோனியாக் ஆகியோர் அடங்கிய குழு, ஹஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத்தில் அவர்தம் சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டியது. அவ்வாண்டிலேயே நியூசிலாந்தில் ஆடம்ஸும் பர்வெஸும், சுரப்பியை நீண்ட நேரம் தூண்டும் புதியதொரு பொருளை இரத்தத்தில் கண்டனர். அதுவும் ஓர் எதிர்ப்பொருளே என்பது பின்னர் தெளிவாயிற்று. மூன்று கண்டங்களில் ஒரே ஆண்டில் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்புகள் எர்லிக்கின் பெயரால் நின்ற விதியை மாற்றி எழுதின.

எதிர்ப்பணுக்களின் பாடசாலை

காவலர்கள் ஏன் திசைமாறுகின்றனர் என்பதை அறிய, அவர்கள் எவ்வாறு பயிற்றுவிக்கப்படுகின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

லிம்போசைட்டுகளில் இரு பெரும் வகைகள் உண்டு. பி அணுக்கள் எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. டி அணுக்களில் சில மற்ற அணுக்களை ஏவி உதவுகின்றன. சில நேரடியாகக் கொல்கின்றன. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியே டி அணுக்களின் மதரஸா. அதன் பணியை 1961ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்பார் கண்டறியும்வரை, அது பயனற்ற உறுப்பென்றே பலர் கருதியிருந்தனர்.

அந்தப் பாடசாலையில் இரண்டு தேர்வுகள் நடைபெறுகின்றன. உடலின் அடையாளக் குறிகளைப் படிக்கத் தெரியாத அணு முதல் தேர்வில் வீழ்கிறது. உடலின் சொந்தப் பொருளைப் பகையெனக் கருதி வன்மையாகப் பற்றும் அணு இரண்டாம் தேர்வில் அழிக்கப்படுகிறது. இரண்டாம் தேர்வுக்காகத் தைமஸ், கணையம், தைராய்டு போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளின் புரதங்களையும் தன்னிடத்திலேயே சிறிதளவு ஆக்கிக் காட்டுகிறது. நுழையும் அணுக்களில் நூற்றுக்குச் சிலவே தேறி வெளிவருகின்றன.

எனினும் எந்தத் தேர்வும் முழுமையானதன்று. சுரப்பியின் சொந்தப் புரதங்களான தைரோகுளோபுலின், தைராய்டு பெராக்சிடேஸ், டி.எஸ்.எச். ஏற்பி ஆகியவற்றைப் பகையாகக் காணும் சில அணுக்கள் நலமுள்ள ஒவ்வொருவர் உடலிலும் உலவிக்கொண்டேயிருக்கின்றன. அவ்வாறாயின் நாம் அனைவரும் ஏன் நோயுறவில்லை?

அங்காடியைக் காக்கும் முஹ்தஸிப்

இவ்வினாவிற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் ஷிமோன் சகாகுச்சி என்னும் ஜப்பானிய அறிஞர். பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சுகளிடமிருந்து தைமஸை அகற்றினால், எதிர்ப்பாற்றல் குறைவதற்கு மாறாக, எலிகளின் உறுப்புகள் தாக்கப்படுகின்றன என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அப்படியானால் தைமஸிலிருந்து தாக்கும் அணுக்களோடு, அவற்றை அடக்கும் அணுக்களும் வெளிவருகின்றன என்று அவர் உய்த்துணர்ந்தார். 1995ஆம் ஆண்டில் அவ்வணுக்களை அடையாளம் காட்டினார். அவற்றை மட்டும் நீக்கி, எஞ்சிய அணுக்களை டி அணுக்களற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது, அந்த எலிகளுக்குத் தைராய்டு அழற்சியும் வேறு பல தன்தாக்கு நோய்களும் தோன்றின.

இவை ‘ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்’ எனப் பெயர்பெற்றன. பழைய இஸ்லாமிய நகரங்களில் அங்காடியைச் சுற்றிவந்து, அளவையும் நிறுவையும் பிறழாமல் கண்காணித்த முஹ்தஸிபைப் போன்றவை இவை. தாமே போரிடுவதில்லை, போரிடுவோர் எல்லை கடவாமல் காக்கின்றன. 2001ஆம் ஆண்டில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் குடல், கணையம், தைராய்டு எனப் பல உறுப்புகளும் தாக்கப்படுகின்றன. அம்மரபணுவே ஒழுங்குபடுத்தும் அணுக்களை ஆள்வது என்பதைச் சகாகுச்சி 2003ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புற்றுநோய் மருத்துவமும் இவ்வுண்மைக்கு வேறொரு திசையிலிருந்து சான்று பகர்கிறது. எதிர்ப்பணுக்களுக்கு இயல்பாக உள்ள கடிவாளத்தைத் தளர்த்தி, அவை புற்றணுக்களைத் தாக்கும்படி செய்யும் மருந்துகள் இன்று பயன்பாட்டில் உள்ளன. அவ்வழியைக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். பல உயிர்களைக் காக்கும் அம்மருந்துகளைப் பெறுவோரில் கணிசமானோருக்குத் தைராய்டு அழற்சி பக்கவிளைவாகத் தோன்றுகிறது. கடிவாளம் தளர்ந்தால் முதலில் தாக்கப்படும் உறுப்புகளில் தைராய்டும் ஒன்று.

தாக்குதல் நிகழும் முறை

ஹஷிமோட்டோ நோயில் நிகழ்வது இதுவே: சுரப்பியின் அணுக்கள் ஏதோவொரு காரணத்தால் ஊறுபடும்போது, அதன் புரதத் துணுக்குகளைச் சில அணுக்கள் எடுத்துச்சென்று நிணமுடிச்சிலுள்ள உதவி டி அணுக்களுக்குக் காட்டுகின்றன. அடக்கும் அணுக்கள் வலுவாயிருந்தால் செய்தி அங்கேயே நின்றுவிடும். அவை வலுவிழந்திருந்தால், உதவி டி அணுக்கள் பெருகிச் சுரப்பிக்குள் புகுந்து, சைட்டோகைன் எனப்படும் தூதுப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றான இன்டர்ஃபெரான் காமா, சுரப்பியின் அணுக்களையே தம் புரதங்களை வெளிக்காட்டும்படி செய்துவிடுகிறது. தாக்கப்படுபவன் தன்னை அறியாமலே தாக்குவோருக்கு வழிகாட்டும் நிலை இது.

அதன்பின் கொல்லும் டி அணுக்கள் வருகின்றன. சுரப்பியணுவின் சுவரில் துளையிட்டு, அழிக்கும் நொதிகளை உட்செலுத்துகின்றன. அல்லது அவ்வணு தானே மடியுமாறு கட்டளையிடுகின்றன. பி அணுக்களும் சுரப்பிக்குள்ளேயே பாசறை அமைத்து எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் நிகழும் இவ்வழிவில் சுரப்பியின் திறன் சிறுகச் சிறுகக் குன்றுகிறது. நோய் வெளித்தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் காணப்படுவது இதனாலேயே.

கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பணுக்கள் வேறுவிதமாகச் செயற்படுகின்றன. இங்கும் உதவி டி அணுக்களின் ஏவலாலேயே பி அணுக்கள் எதிர்ப்பொருளை ஆக்குகின்றன. ஆனால் அது டி.எஸ்.எச். ஏற்பியில் அமர்ந்து, அதனை அழிக்காமல் இயக்கிவிடுகிறது. பூட்டுக்குள் நுழைந்த போலிச் சாவி எனலாம். பிட்யூட்டரி ‘போதும்’ என்று தன் கட்டளையை முற்றாக நிறுத்திக்கொண்ட பின்னரும் சுரப்பி ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. கண்குழியின் திசுக்களிலும் அதே ஏற்பி உள்ளமையால் சிலருக்குக் கண்களும் பாதிக்கப்படுகின்றன. புகைபிடிப்போருக்கு இத்துன்பம் மிகுதி.

இவ்வேறுபாட்டைத் தாய்மை தெளிவாகக் காட்டிவிடுகிறது. எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடையக்கூடியவை. கிரேவ்ஸ் நோயுள்ள தாயின் குழந்தைகளில் சிலர், பிறந்தவுடன் தற்காலிகமாக அதே மிகைச் சுரப்புக்கு ஆளாகின்றனர். சில வாரங்களிலோ மாதங்களிலோ தாயின் எதிர்ப்பொருள் மறைய, நோயும் மறைகிறது. ஹஷிமோட்டோ நோயுள்ள தாயின் பெராக்சிடேஸ் எதிர்ப்பொருளும் அவ்வாறே குழந்தையை அடைகிறது. ஆயினும் குழந்தையின் சுரப்பியை அது பொதுவாக அழிப்பதில்லை. முன்னதில் நோயைச் செய்வது எதிர்ப்பொருளே. பின்னதில் எதிர்ப்பொருள் பெரும்பாலும் நோயின் சாட்சி. அழிவைச் செய்வோர் டி அணுக்கள்.

யாருக்கு, ஏன்?

மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் அவை மட்டுமே காரணமல்ல. டென்மார்க் நாட்டு ஆய்வொன்றில், ஒத்த இரட்டையரில் ஒருவருக்குத் தன்தாக்குத் தைராய்டுக் குறைவு இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது ஏறத்தாழப் பாதி இணைகளிலேயே. எஞ்சியதைச் சூழல் தீர்மானிக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட 5 முதல் 10 மடங்கு மிகுதியாக இந்நோய்கள் வருகின்றன.

கருவுற்ற காலத்தில், பாதி தந்தையுடையதான சிசுவைத் தாயின் உடல் ஏற்றுக்கொள்வதற்காக ஒழுங்குபடுத்தும் அணுக்கள் பெருகுகின்றன. ஆதலின் அக்காலத்தில் தன்தாக்கு நோய் பெரும்பாலும் தணிகிறது. பேற்றுக்குப் பின் அந்த அடக்கம் நீங்கும்போது நோய் திரும்பவோ புதிதாய்த் தோன்றவோ கூடும். பிள்ளைபெற்ற ஓராண்டுக்குள் நூற்றுக்கு 5 பேர் அளவில் தைராய்டு அழற்சிக்கு ஆளாகின்றனர். பேறுகாலத்துக்குப் பின் ஒரு பெண் காட்டும் எரிச்சலையும் சோர்வையும் அழுகையையும் ‘சோம்பல்’ என்றும் ‘கண்ணேறு’ என்றும் முடிவுகட்டுவோர் இதனை அறிதல் வேண்டும். ஓதிப்பார்ப்பதை நான் மறுக்கவில்லை. அதனோடு ஓர் இரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்கிறேன்.

அயோடின் இருமுனைக் கத்தி போன்றது. குறைந்தால் கழலையும், கருவிலுள்ள குழந்தைக்கு மூளைக் குறைபாடும் நேரும். மிகுந்தால், முன்னரே சாய்வுடையோருக்குத் தைராய்டு அழற்சி கூடலாம். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த சீன ஆய்வொன்று, அயோடின் மிகுதியான ஊர்களில் இவ்வழற்சி கூடுதலாயிருந்ததைக் காட்டியது. இதைக் கேட்டு அயோடின் கலந்த உப்பைக் கைவிடுவது பெருந்தவறு. தேவைக்கு மேல் அயோடின் மாத்திரைகளையும் கடற்பாசிப் பொடிகளையும் தாமாக உண்ணாதிருப்பதே இதன் படிப்பினை.

நமக்குரிய பாடம்

இந்நோய் எதிர்ப்பாற்றலின் பற்றாக்குறையால் வருவதன்று. அதன் கட்டுப்பாடு குலைவதால் வருவது. ஆகவே ‘எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்’ என்று விற்கப்படும் பொடிகளும் குளிகைகளும் இதற்கு மருந்தாகா. சுரப்பியின் திறன் நிலையாகக் குன்றியவருக்கு, இல்லாத ஹார்மோனை லெவோதைராக்சின் மாத்திரையாக நாள்தோறும் கொடுப்பதே மருத்துவம். ‘ஆயுள் முழுதும் மருந்தா?’ என்று மனம் தளர்ந்து, உடல் தேறியதும் நிறுத்திவிடுவோர் பலர். உடல் தேறியது அம்மருந்தினாலேயே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். குறிப்பாகக் கருவுற்ற பெண் அதனை ஒருநாளும் தானாக நிறுத்தலாகாது. பெரும்பாலோருக்கு அக்காலத்தில் அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். கிரேவ்ஸ் நோய்க்குச் சுரப்பை அடக்கும் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய மூன்று வழிகள் உள்ளன.

ரமளானில் இம்மருந்தை எப்போது உட்கொள்வது என்று பலர் கேட்பதுண்டு. வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டியது இது. ஸஹர் உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்போ, இரவு கடைசி உணவுக்கு மூன்று மணி நேரத்திற்குப் பின் உறங்கப்போகும்போதோ உட்கொள்ளலாம். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் விலக்கி உண்ணவேண்டும். எது தமக்குப் பொருந்தும் என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையும் மறக்கத்தக்கதன்று.

பெண் பார்க்க வந்தவர்கள் ‘தைராய்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து சென்ற செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். முறையாக மருந்துண்ணும் பெண் இல்லறம் நடத்துவதற்கும் நலமுள்ள குழந்தைகளைப் பெறுவதற்கும் இந்நோய் பொதுவாகத் தடையன்று. அவள் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை. அச்சத்தால் நோயை மறைக்கச் செய்து, மருந்தை ஒளித்து உண்ணச் செய்யும் சமூகமே குற்றவாளி.

இறைமறையின் அர்-ரஹ்மான் அத்தியாயம் ‘மீஸான்’ என்னும் தராசைப் பற்றிப் பேசுகிறது. அதில் எதிர்ப்பணு இயல் முன்னரே சொல்லப்பட்டுவிட்டது என்று உரிமை கொண்டாடுவது எனக்கு உடன்பாடன்று. நாளை மாறக்கூடிய ஆய்வின் மீது வேதத்தின் பெருமையை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் வலிமைக்கும் அடக்கத்திற்கும் இடையே ஒவ்வோர் உடலிலும் ஒரு தராசு நிறுத்தப்பட்டுள்ளதைக் காணும்போது, நம்பிக்கையாளனின் நெஞ்சம் அச்சொல்லை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அத்தராசு சற்றே சாய்ந்துவிட்ட நம் பெண்களிடம் நாமும் நீதியோடு நடந்துகொள்வோமாக. நோயுற்றோர் யாவருக்கும் வல்ல நாயன் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.